நாற்பத்தொரு நொடி வெளியுறவு

பிருந்தாவின் வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது என்று அவளைப் பெற்றவர்கள் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. வாய் சும்மா இருக்காதுதான். ஆனால் அது பேசியதில் பெரும்பகுதி பிறத்தியார் பேச்சு. ஏழு வயதில் தொடங்கியது இது. அப்பாவும் அம்மாவும் ஒன்பது நாள் முகம் பார்க்காமல் இருந்தபோது, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் எடுத்துச் சொன்னவள் அவள்தான். சொல்லை மாற்றவில்லை. சூட்டை மட்டும் ஆற்றிக் கொடுத்தாள். பத்தாம் நாள் காலை இருவரும் சேர்ந்து காபி குடித்தார்கள்.

வளர்ந்து ஆங்கில இலக்கியம் படித்தாள். இந்தி தனியாகப் படித்துத் தேறினாள். மதுரையில் ஒரு தொலைபேசிச் சேவை மையத்தில் ஒன்பது வருடம் நான்கு மாதம் மூன்று மொழிகளில் மற்றவர்களின் கோபத்தைக் கேட்டாள். மையத்தை மூடிவிட்டார்கள். அதன்பின் இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். கணவன் கிரிதரனுக்குச் சிம்மக்கல்லில் ஒரு மொத்தப் பாத்திரக் கடையில் வேலை. கடையிலிருந்து வீடு ஆறு நிமிட நடை. வீட்டில் மூன்றாவது ஆள் மாமியார் சீதாலட்சுமி, வயது அறுபத்தேழு.

அப்படி இருக்கும்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நாடாளுமன்றக் கேள்வி நேரத்தை உடனுக்குடன் பல மொழிகளில் சொல்லி இணையத்தில் ஒலிபரப்பும் ஒரு தில்லி நிறுவனம், தமிழுக்கு ஒரு குரல் தேடியது. வீட்டிலிருந்தே வேலை. அமைச்சர் பேசப் பேசத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டே விதிகள்: ஐந்து நொடிக்கு மேல் மௌனம் கூடாது, பேசுபவர் சொல்லாத ஒன்றைச் சொல்லவும் கூடாது. ஒருவருக்கு இரண்டு முறைதான் தேர்வு.

முதல் முறை பிருந்தா தோற்றாள். வேளாண் அமைச்சர் ஏதோ ஒரு பூச்சியின் பெயரைச் சொல்ல, அதற்குத் தமிழ் தேடி அவள் நின்றுபோனாள்.

“ஏழு நொடிம்மா,” என்றார் தேர்வாளர் நல்லகாமன் காணொளியில். முப்பத்தோரு வருடம் இதே தொழில் பார்த்தவர். “ஏழு நொடி சத்தம் இல்லைன்னா, கேக்குறவன் போனைத் தூக்கித் தட்டிப் பார்ப்பான்.”

மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு. அதற்கு அறுபத்து நான்கு நாள் அவகாசம்.

அந்த அறுபத்து நான்கு நாளும் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. காதில் விழுந்த எதையும் பிருந்தா உடனே நாடாளுமன்றத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். எனவே பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை.

“சாம்பார்ல உப்பு கம்மி,” என்பான் கிரிதரன் சௌராஷ்டிரத்தில்.

“சாம்பாரில் உப்பின் அளவு போதுமானதாக இல்லை என்று மாண்புமிகு உறுப்பினர் சுட்டிக்காட்டுகிறார்.”

“நான் சும்மாதான் சொன்னேன். நீ உப்பை எடு.”

“உப்பை அவையின் முன் வைக்குமாறு உறுப்பினர் கோருகிறார்.”

“அம்மா! இவளைப் பாரேன்!”

“உறுப்பினர் தம் தாயாரின் தலையீட்டைக் கோருகிறார்.”

சீதாலட்சுமி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் மூன்றாம் வாரம் அவளும் மாட்டிக்கொண்டாள். குளியலறைக் கதவைத் தட்டி “வெந்நீர் ஆறிப்போகுது” என்று சொன்னவளுக்கு, உள்ளிருந்து “வெந்நீர் தொடர்பான நிலைமையை அரசு கூர்ந்து கவனித்து வருகிறது” என்று பதில் வந்தது.

இங்கே சீதாலட்சுமியின் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீடு ராக்கம்மாளுடையது. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். இரண்டு மொட்டை மாடிகளுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்று. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவரருகே சீதாலட்சுமி இரண்டு மொழியில் உறவு கொண்டாடினாள். ராக்கம்மாளின் முகத்துக்கு நேரே தேன் சொட்டச் சொட்டத் தமிழ். திரும்பி நின்றதும், மனசில் இருப்பது அத்தனையும் சௌராஷ்டிரத்தில், கொஞ்சமும் குரலைத் தணிக்காமல். புரியாத மொழிதானே, எதற்குத் தணிக்க வேண்டும்?

ராக்கம்மாளின் மகன் அருண்பாண்டி ஒரு செவலைச் சேவல் வளர்த்தான். வெயில் காலத்தில் சீதாலட்சுமி மாடியில் வடகம் காயப்போடுவாள். இரண்டு வீட்டுக்கும் சிக்கல் என்று பார்த்தால் அந்தச் சேவல் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றே தாராளம்.

பங்குனி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை இரண்டாம் தேர்வு. நடந்துகொண்டிருக்கும் கேள்வி நேரத்தையே நேரலையில் சொல்ல வேண்டும். அன்றைய முறை வெளியுறவுத் துறையினுடையது. பிருந்தா காலை பத்தரைக்கே மாடி அறையில் உட்கார்ந்துவிட்டாள். சன்னல் மொட்டை மாடியைப் பார்த்தது. புழுக்கத்துக்கு அதைத் திறந்து வைத்தாள். காதுக் கருவியை வலக் காதில் மட்டும் மாட்டி, இடக் காதைத் திறந்து விட்டாள். தன் குரல் தனக்கே கேட்டால்தான் தடுமாறாமல் சொல்ல முடியும். இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான் செய்வார்கள்.

“அத்தை, பன்னெண்டு மணி வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நான் ஏன் சத்தம் போடப் போறேன்? வடகம் பிழிஞ்சுட்டு வாயை மூடிட்டு வந்துடுவேன்.”

பதினொரு மணிக்கு அவை கூடியது. பதினொன்று இருபத்தாறுக்கு வெளியுறவு அமைச்சர் எழுந்தார். அண்டை நாடுகளுடனான உறவு பற்றிய கேள்வி. “அறிக்கை அவையின் மேசை மீது வைக்கப்படுகிறது” என்று ஒரே வரியில் பதிலை முடித்தார். பிருந்தாவும் ஒரே வரியில் முடித்தாள். பிறகு துணைக் கேள்விகள் வந்தன. எல்லைச் சந்தைகள், படகுப் போக்குவரத்து, மாணவர்களுக்கான விசா. அமைச்சர் வேகமாகப் பேசினார். பிருந்தா அவர் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடினாள். நீச்சல் பழகியவனுக்குத் தண்ணீர் தானாகத் தாங்கத் தொடங்குமே, அப்படி ஒரு கணம் வந்தது. வாய் தானாகப் பேசியது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“நமது அண்டை நாடுகளில் ஒன்றைப் பொறுத்தவரை, நமது நிலைப்பாடு என்னவென்றால்…” என்றார் அமைச்சர்.

அத்தோடு படம் நின்றுவிட்டது. நிறுவனம் அனுப்பிய நேரலை அறுந்துபோனது. ஒரு விரலைத் தூக்கியபடி அமைச்சர் திரையில் அப்படியே நின்றார். வலக் காதில் மயான அமைதி. ஆனால் தேர்வாளர்களிடம் போகும் பிருந்தாவின் குரல் இணைப்பு மட்டும் உயிரோடு இருந்தது; ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு நொடி. இரண்டு. மூன்று. நான்கு.

இடக் காதில் மாடியிலிருந்து சீதாலட்சுமியின் குரல் வெடித்தது. சேவல் சுவரைத் தாண்டிவிட்டது.

அறுபத்து நான்கு நாள் பழகிய வாய் எசமானியைக் கேட்கவில்லை. கிடைத்த குரலைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

“எல்லை தாண்டிய ஊடுருவல் இன்று காலையும் நடந்துள்ளது. நான்கு முறம் இருப்பில் அரை முறம் இழப்பு ஏற்பட்டுள்ளது. ஊடுருவியவர் அண்டைத் தரப்பில் மருமகனுக்குரிய மரியாதையோடு பேணப்படுகிறார் என்பதை அவை அறியும். அத்தரப்புத் தலைவியின் வாய்க்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. எனினும், கடந்த தீபாவளிக்கு அத்தரப்பிலிருந்து வந்த அதிரசத்தை நினைத்துப் பார்க்கையில், கடுமையாகப் பேச நமக்கு வாய் வரவில்லை…”

நாற்பத்தோராவது நொடியில் படம் அசைந்தது. அமைச்சர் விரலை இறக்கினார். பிருந்தா அவரிடம் தாவி, மிச்சத்தையும் பன்னிரண்டு மணி வரை பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். முடித்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

திரையில் நல்லகாமனும் வேறு இரு தேர்வாளர்களும் தோன்றினார்கள். மூவர் முகத்திலும் ஈயாடவில்லை.

“பிருந்தாம்மா, நேரலை நாற்பத்தோரு நொடி இல்லை. அந்த நேரத்துல அமைச்சர் அரை முறம் இழப்புன்னு சொன்னாரா?” என்றார் நல்லகாமன்.

மழுப்ப அவளுக்குத் தெரியவில்லை. “இல்லை சார். அது எங்க அத்தை. பக்கத்து வீட்டுச் சேவலைத் திட்டுனாங்க. சௌராஷ்டிரத்துல.”

தேர்வாளர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லகாமன் அசையவில்லை.

“படம் நின்னா என்ன செய்யணும்னு நாங்க எழுதி வைக்கலை. அது எங்க தப்பு. நீங்க அடுத்தவங்க பேச்சைக் கேட்டு மொழிபெயர்த்திருந்தா, தொழிலைத்தான் செஞ்சிருக்கீங்க. மௌனத்துக்குப் பயந்து நீங்களா கட்டி விட்டிருந்தா, அது பொய். பொய் சொல்ற ஆளை இந்த நாற்காலியில உக்கார வைக்க முடியாது. எங்க மூணு பேருக்கும் சௌராஷ்டிரம் தெரியாது. உங்க அத்தையக் கூப்பிடுங்க. என்ன சொன்னாங்கன்னு அவங்களே சொல்லட்டும்.”

பிருந்தா சன்னல் வழியே கூப்பிட்டாள். சீதாலட்சுமி வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டடி தள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம், சேவலை அக்குளில் இடுக்கியபடி ராக்கம்மாள் நின்றாள்.

விஷயம் புரிந்ததும் சீதாலட்சுமியின் முகம் வெளிறியது. சொன்னால் இருபத்திரண்டு வருடக் குட்டு உடைந்துவிடும். சொல்லாவிட்டால் மருமகளின் வேலை போய்விடும்.

“நான்… சேவலை ‘சூ’ன்னு விரட்டுனேன்,” என்றாள் தமிழில்.

“அம்புட்டுத்தானா?” என்றார் நல்லகாமன். அதுவரை இருந்த தில்லித் தமிழ் அவரை விட்டு நழுவியது.

“கொஞ்சம்… நீளமா விரட்டுனேன்.”

“அத்தை!” என்றாள் பிருந்தா.

சீதாலட்சுமி திரையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், ராக்கம்மாளைப் பார்த்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கம்மாள் தொண்டையைச் செருமினாள்.

“அண்ணே, நான் சொல்லலாமா?”

“நீங்க யாரு தாயி?”

“நாந்தேன் அந்த அண்டைத் தரப்பு.”

நல்லகாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை சொன்னது சன்னல் வழியா எனக்கும் கேட்டுச்சு. ஒரு சொல்லு கூட்டல, ஒரு சொல்லு குறைக்கல. சீதாம்மா முதல்ல ‘மறுபடி வந்துட்டான்’னாங்க. அப்புறம் நாலு மொறம் பிழிஞ்சேன், அரை மொறம் போச்சுன்னாங்க. மருமகன் கணக்கா வளக்குறான்னாங்க, அதும் நெசந்தேன். பெறகு என் வாய்க்குக் கதவு இருக்கு, தாப்பா இல்லைன்னாங்க. கடைசியா, தீவாளிக்கு இவ குடுத்த அதிரசத்த நெனச்சா திட்ட வாய் வரலையேன்னாங்க. இம்புட்டுந்தேன்.”

சீதாலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “உனக்கு… எங்க பாஷை புரியுமா?”

“மொத நாலு வருசம் புரியல. அப்புறம் புரிஞ்சுபோச்சு.”

“பதினெட்டு வருஷமா! ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னா நீங்க பேசுறத நிப்பாட்டிருவீகள்ல? எனக்குப் பொழுது எப்படிப் போகும்?”

தில்லியில் கண்ணாடி துடைத்தவர் முதலில் உடைந்தார். அடுத்தவர் மேசையில் கவிழ்ந்தார். நல்லகாமன் இருவரையும் அதட்டப் போய், அதட்டல் பாதியிலேயே சிரிப்பாகி, ஒலிவாங்கியை அணைத்துவிட்டார். இரண்டு நிமிடம் மூன்று தோள்கள் குலுங்குவதைத்தான் சத்தமில்லாமல் பார்க்க முடிந்தது. பிருந்தா நகத்தைக் கடித்தபடி இருந்தாள்.

ஒலி திரும்பி வந்தது.

“எதிர்த் தரப்பே சாட்சி சொல்லி, மொழிபெயர்ப்பு சரின்னு ஒத்துக்கிட்டதை முப்பத்தோரு வருசத்துல நான் பார்த்ததில்லை,” என்றார் நல்லகாமன். “எனக்கும் மதுரைதான், பேரையூர்ப் பக்கம்மா. திங்கக்கிழமை பத்தே முக்காலுக்கு லைன்ல இருக்கணும். சன்னலைச் சாத்திட்டு. பழையபடி ஏதும் நடந்தா என் வேலை போயிரும்.”

பிருந்தா நாற்காலியிலிருந்து துள்ளிய வேகத்தில் காதுக் கருவியின் வயர் மேசையிலிருந்த செம்பைத் தட்டிவிட்டது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அவள் சன்னல் வழியே மாமியாரின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக் கிள்ளினாள். பிறகு கிரிதரனுக்குப் போன் போட்டு, “உறுப்பினரின் மனைவிக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதை அவைக்கு மகிழ்ச்சியுடன்…” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் கத்தினாள். கடையில் அவன் அடுக்கிக்கொண்டிருந்த எவர்சில்வர் தூக்குகள் சரிந்த சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.

மாடியில் சீதாலட்சுமி இன்னும் சுவரைப் பிடித்தபடியே நின்றாள்.

“ராக்கு, கோபம் இல்லையே?”

“எதுக்குக் கோவம்? ஒரு கொறைதேன். மொத நாலு வருசம் என்னென்ன சொன்னீகன்னு தெரியாமலே கெடக்கு. இப்பச் சொல்லுங்க, கேப்போம்.”

“அதெல்லாம் மறந்துபோச்சு.”

“மறக்கிற ஆளா நீங்க? நம்ம பாசையில சொல்லக் கூச்சமா இருந்தா உங்க பாசையிலயே சொல்லுங்க. பிருந்தா, இங்கிட்டு வா தாயி. ஆரம்பிக்கப் போறாக.”

பிருந்தா ஈரக் காலோடு ஓடி வந்து இருவருக்கும் நடுவே நின்றாள். சீதாலட்சுமி தலைப்பால் வாயைப் பொத்தினாள். பொத்திய தலைப்புக்குள்ளிருந்து முதல் வருடத்துச் சங்கதி ஒன்று மெதுவாக வெளியே வந்தது.

“மாண்புமிகு உறுப்பினர்,” என்றாள் பிருந்தா, “முதலில் ஒரு மன்னிப்புடன் தொடங்குகிறார்.”