பிள்ளையார் பாட்டுக்கு முன்னால்

ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியதும் பிரிட்டோ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எதிரே கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கிறார். லேப்டாப்பில் தட்டிவிட்டு வந்த பாட்டு கிளம்புகிறது. முதலில் ஒரு கிதார், அதை விரட்டிக்கொண்டு ஓர் உறுமி, பிறகு வெயிலில் காய்ந்தது போல ஓர் ஆண்குரல். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். வலது பக்கத்துப் பாக்ஸில் லேசான கரகரப்பு. போய் ஒயரைத் திருகுகிறார். மைக்கை எடுத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று பாட்டுக்கு மேலேயே சொல்கிறார். அதற்குள் பந்தலில் இருந்து ஒரு கை உயர்ந்துவிடுகிறது.

"டெஸ்டிங் போதும்ப்பா. பிள்ளையார் பாட்டப் போடு."

போட்டுவிடுவார். கல்யாணமோ காதுகுத்தோ, பிள்ளையார் பாட்டு ஒலிக்காமல் இந்தப் பக்கத்தில் எந்த விசேஷமும் தொடங்காது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற பிரிட்டோவுக்கும் அதில் ஆட்சேபம் கிடையாது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்கும் பிள்ளையார் வருவதற்கும் நடுவே கிடைக்கிற சந்துதான் அவருக்குச் சொந்தம். 'மானாவாரி' என்கிற இசைத்தட்டு இந்த உலகத்தில் ஒலிப்பது அந்தச் சந்தில் மட்டும்தான்.

மைக்செட்காரர் ஆவதற்கு முன்னால் பிரிட்டோ கிதார்க்காரர். திண்டுக்கல்லில் மூன்று பேர் சேர்ந்து 'மேட்டுக்காடு' என்று ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். உடையப்பன் உறுமி அடித்தார், மோகன்குமார் எழுதிப் பாடினார். மோகன்குமாரின் வீட்டில் பூ விவசாயம். விடிவதற்கு முன்னால் பூப்பறிக்கும்போது பெண்கள் இழுத்து இழுத்துப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர். அந்த இழுவையை எடுத்து எலக்ட்ரிக் கிதாருக்குள் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். நன்றாகத்தான் ஆனது. கேட்கத்தான் ஆள் வரவில்லை. 'மானாவாரி' வெளியீட்டு விழாவுக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் ஹாலை அடுத்து யார் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள். விற்காத சி.டி.களைப் பெட்டியோடு பிரிட்டோவின் மைத்துனர் தூக்கிப் போய்த் திராட்சைத் தோட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். பளபளவென்று ஆடினால் கிளி அண்டாதாம்.

"கேக்கத்தான் ஆளு இல்ல. பாத்துப் பயப்படவாச்சும் ரெண்டு கிளி இருக்கேன்னு விட்டுட்டேன்" என்பார் பிரிட்டோ. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாது.

ஒருமுறை சின்னாளபட்டியில், திருவிழாவுக்கு வளையல் கடை போட்டிருந்த ஒரு பெண் அந்த முதல் பாட்டை முணுமுணுத்தபடி சரக்கை அடுக்கிக்கொண்டிருந்தார். பிரிட்டோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்தில் போய் நின்று கேட்டார். அந்தப் பெண் சுருதி சுத்தமாகப் பாடினார். இரண்டாவது வரி முடிந்ததும், அதே ராகத்தில், "ஹலோ மைக் டெஸ்டிங்" என்று சேர்த்துப் பாடிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். "மைக்செட்டு பாட்டுத்தானண்ணே? எங்க போனாலும் நீங்க போடுவீங்களே" என்றார். தன் பாட்டைத் தானே அந்த இடத்தில் வெட்டி வெட்டி ஊருக்கெல்லாம் அப்படிப் பழக்கி வைத்திருப்பது பிரிட்டோவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அவருக்கு ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை, ஒரு கூட்டத்துக்கு நடுவில், 'மானாவாரி' முதலில் இருந்து கடைசி வரை ஓட வேண்டும். குறிப்பாக ஏழாவது பாட்டு. அதில் மோகன்குமாரின் குரல் மட்டும் தனியாக நடந்து போகும், கிதார் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்கும்போது மோகன்குமார் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மோகன்குமார் மீதுதான் அவருக்குத் தீராத கோபம். குழு கலைந்த பிறகு மோகன்குமார் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆகிவிட்டார். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. போகப் போக, போன் செய்தால் எடுப்பதில்லை. பழைய பாட்டை அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். நேரில் பார்த்தால் சிரிப்பு, தலையாட்டல், வேறு பேச்சு. "வெக்கம்யா அவனுக்கு. சூப்பர்வைசர் ஆயிட்டாருல்ல. இந்தக் கூத்தெல்லாம் நாம அடிச்சதுதான்னு சொல்ல வெக்கம்" என்று பிரிட்டோ பொருமுவார்.

அப்படியிருந்தும் மோகன்குமார் தன் மகள் தமிழ்நிலாவின் காதுகுத்துக்கு பிரிட்டோவின் செட்டைத்தான் சொல்லியிருந்தார். ஆத்தூர்ப் பக்கம் குலசாமி கோயில். காலையிலேயே பந்தல் நிறைந்துவிட்டது. ஆனால் தாய்மாமன் சீர் வந்து சேரவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது. சீர் வண்டி வழியில் பஞ்சராகி நிற்பதாகச் செய்தி வந்தது. கூட்டம் அலுத்துக்கொண்டு நாற்காலிகளில் சரிந்தது. பிரிட்டோ மட்டும் லேப்டாப் பக்கம் நகர்ந்தார். இதைவிட நல்ல சந்து இனிமேல் கிடைக்காது.

'மானாவாரி' ஓடத் தொடங்கியது. வழக்கம்போல ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். "சீரு வரட்டுங்கய்யா, பிள்ளையாரத் தனியா உக்கார வச்சு என்ன பண்ண?" என்று பிரிட்டோ சமாளித்தார். மைக்கை அன்று தொடவே இல்லை. இரண்டாவது பாட்டு போனது, நான்காவது போனது. ஒரு சில தலைகள் ஆடக்கூடச் செய்தன. ஏழாவது பாட்டு வந்தது.

மேகம் போற பாதையில எங்க காடு இல்லையே
மேல பாத்த கண்ணுக்கெல்லாம் ஈரம் மட்டும் பாக்கியே

பாக்ஸுக்கு நேர் எதிரே நின்று மோகன்குமார் பந்திக்காரரிடம் இலைக்கணக்கு பேசிக்கொண்டிருந்தார். தன் குரல் தன் முதுகுக்குப் பின்னாலேயே அத்தனை பெரிதாக எழுந்து நிற்கிறது. திரும்பவில்லை. புருவம்கூட அசையவில்லை.

அப்போது மோகன்குமாரின் மனைவி கௌசல்யா காபி கொண்டுவந்து நீட்டினார். பிரிட்டோவால் அடக்க முடியவில்லை. "ஏம்மா, உம் புருசன் பாடுன பாட்டு ஓடுது. செத்த நேரம் நின்னு கேட்டா கவுரவம் கொறஞ்சுருமா? அம்புட்டு கேவலமாப் போச்சா?"

கௌசல்யா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அவருக்குக் கேக்காதுண்ணே."

"என்னம்மா சொல்ற?"

"மில்லு எரச்சல்ல கொஞ்சங் கொஞ்சமாப் போயிருச்சுண்ணே. பஞ்ச வச்சு அடைச்சுக்கிட்டுத்தான் நின்னாரு, அப்புடியும் போயிருச்சு. எதுத்தாப்புல நின்னு பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு. பாட்டெல்லாம் வெறும் டொம்மு டொம்முன்னுதான் விழுகுதாம். காதுக்கு மெசினு வச்சும் பாத்தாச்சு, தேறல. மில்லுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாகன்னு யாருட்டயும் சொல்லல. மத்தவுகளக்கூட விடுங்க, உங்ககிட்டச் சொல்லத்தாண்ணே ரொம்பப் பயந்தாரு."

பிரிட்டோ காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் வளர்த்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. வெட்கமாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. வெட்கம் என்றால் என்றைக்காவது ஒருநாள் போயிருக்கும். கட்டைவிரல் படம் வந்த நாளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மோகன்குமாரே வந்தார். பிரிட்டோவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் பேசினார்.

"மாப்ள, சீரு வர இன்னும் நேரமாகுமாம். நீ என்னத்தையோ போட்டு இடிச்சுக்கிட்டு இருக்க. யாரு கேக்காட்டியும் போகுது, நம்ம பாட்டப் போடுடா."

பாக்ஸில் மோகன்குமார் பாடிக்கொண்டிருந்தார். கௌசல்யா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிரிட்டோ நண்பனுக்கு நேர் எதிரே திரும்பி, உதடுகள் நன்றாகத் தெரியும்படி மெதுவாகச் சொன்னார்.

"இந்தா, போடுறேன்டா."

சும்மா ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். மோகன்குமார் முகமெல்லாம் மலர்ந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது.

பிரிட்டோ அந்தக் கையைப் பார்த்தார். வேகமான கை. ஓடுகிற பாட்டோ நின்று நின்று நடக்கிற பாட்டு. இரண்டும் ஒட்டவே இல்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது, அது மூன்றாவது பாட்டின் தாளம்.

ஏழாவது பாட்டில் கடைசிச் சரணம் மிச்சம் இருந்தது. பிரிட்டோ அதை நிறுத்தினார். மூன்றாவதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, மோகன்குமாரின் கை மேலே போய் இறங்கும் வரை பொறுத்திருந்து, அது தொடையில் விழுந்த அதே நொடியில் தட்டிவிட்டார்.