சரிவில் நியூட்ரல்

எந்தக் கார் பக்கத்தில் வந்து நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன மைலேஜ் குடுக்குது?" நெஞ்சு வலியோடு ஆம்புலன்ஸில் வந்த சொந்தச் சித்தப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு, திரும்பி நின்று அந்த டிரைவரிடமும் இதையே கேட்டவர். சித்தப்பா பிழைத்துக்கொண்டார். "அவன் என்னடி சொன்னான்?" என்று வார்டிலிருந்தே விசாரித்தாராம். அன்றிலிருந்து டாக்சி ஸ்டாண்டில் அவர் பெயர் மைலேஜ் அக்கா.

அவர் ஓட்டுவது ஒரு பழைய ஹைப்ரிட் கார். பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மோட்டாரும் சின்ன பாட்டரியும் உண்டு. ஓட்டத்திலேயே அது சார்ஜ் ஆகிக்கொள்ளும். அவருடைய கணவர் அதன் டிக்கிக்குள் இன்னொரு பாட்டரியைப் பொருத்தி, சுவர் பிளக்கில் சொருகிச் சார்ஜ் போடும்படி மாற்றியிருந்தார். அதற்காகவே லிஃப்ட் கம்பெனி வேலையை விட்டு, பேக்கரிக்குப் பின்னால் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். மேலாளரிடம் பேசிவிட்டு வந்த பேச்சைப் பார்த்தால், அந்த வேலைக்குத் திரும்பிப் போக வழியே கிடையாது.

கார் முதலாளியம்மாவுடையது. ஸ்டாண்டில் நிற்கும் அத்தனை ஹைப்ரிட் கார்களும் அவருடையவைதான். இன்னொரு காரில் கடையில் வாங்கிய பெரிய பாட்டரியைப் பூட்டி வைத்திருந்தார். "விளம்பரத்துல ஆயிரம் போடுவாங்க. நம்ம ரோட்டுல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் நான் நம்புவேன். கடை பாட்டரிக்கு உங்க வீட்டுக்காரர் பாட்டரி சமமா நின்னா மத்த வண்டிக்கெல்லாம் அவர்தான் பூட்டுவார். நிக்கலைன்னா கழட்டிடுவேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கார்கள் கிளம்பின. மாற்றம் எதுவும் செய்யாத காரில் மீசைக்காரர். கடை பாட்டரிக் காரில், வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோல இருக்கும் மௌனி. மூன்றாவதில் மைலேஜ் அக்கா. ஒரே பம்பில், ஒரே நாசிலில், அது தானாக 'டக்' என்று நிற்கும்வரை பெட்ரோல். ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி, மேட்டுக் குடியிருப்பு, இறங்கி ரயில் நிலையம், மறுபடி ஸ்டாண்டு; நாள் முழுக்க இதே சுற்று. மதியம் பிளக் உள்ள இரண்டு கார்களுக்கும் ஒரே அளவு நேரம் சார்ஜ், தனித்தனி கரண்ட் மீட்டரில். மாலையில் அதே பம்பில் திரும்ப நிரப்பும்போது எவ்வளவு பிடிக்கிறதோ, அவ்வளவு குடித்திருக்கிறது என்று அர்த்தம்.

மௌனியின் கார் மீசைக்காரர் கார் குடித்ததில் பாதிதான் குடித்திருந்தது. அக்காவின் காரோ மீசைக்காரர் காரைவிட ஒரு தம்ளர் குறைவு, அவ்வளவே.

"டிக்கியில மீன் தொட்டியை வச்சுட்டு ஊர் சுத்தின மாதிரில்ல இருக்கு!" மீசைக்காரர் சிரித்த சிரிப்பில் டீக்கடை பெஞ்சு ஆடியது.

வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கணவர் பாட்டரியைப் பிரித்துப் பூட்டினார். ஒரு வயர்கூடத் தப்பில்லை. மூன்றாம் நாள், பயணி இல்லாத நேரமாகப் பார்த்து முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க பாட்டரி ஓட்டைங்க."

"என் பாட்டரி இல்ல, உன் காலு. ஆக்சிலேட்டரை மிதிக்கிறியா, களிமண்ணு மிதிக்கிறியா?"

"இருபது வருஷமா மிதிக்கிறேன். இதுல உட்கார்ந்து தூங்காத பாசஞ்சர் கிடையாது, தெரியுமா?"

அது உண்மை. மேட்டுக் குடியிருப்பிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் ஒரே சரிவு. உச்சியில் சுண்டுவிரலால் கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டாரென்றால், கார் வெண்ணெயில் வழுக்குவதுபோல இறங்கும். வேன் ஓட்டிய காலத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பழகிய வித்தை. அவருக்கு அதில் தனிப் பெருமை. அன்றும் தட்டினார்.

"இப்ப என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்?"

"கை! உன் கை என்ன பண்ணிச்சு?"

"நியூட்ரல் போட்டேன். சரிவுல எதுக்குங்க பெட்ரோல் வேஸ்ட்டு?"

கணவர் டாஷ்போர்டில் இருந்த திரையைக் காட்டினார். சக்கரத்திலிருந்து பாட்டரிக்கு ஓட வேண்டிய பச்சை அம்புக்குறியைக் காணோம். "கியர்ல இருந்தாலும் காலை எடுத்தா எஞ்சின் தானா நின்னுடும்மா. அப்ப சக்கரம் மோட்டாரைச் சுத்தி பாட்டரியை நிரப்பும். நியூட்ரல்ல போட்டா அந்தத் தொடர்பே அறுந்துடும். இவ்வளவு பெரிய இறக்கம் சும்மா குடுக்கிற கரண்ட்டை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்க! பிளக்குல போட்ட சார்ஜெல்லாம் அதை ஈடுகட்டவே சரியாப் போச்சு!"

அக்கா காரைத் திருப்பினார். மேலே ஏறி, இந்த முறை கியரைத் தொடாமல் இறங்கினார். அம்புக்குறி அடிவாரம்வரை பச்சையாக எரிந்தது.

"அப்ப ஓட்டை பாட்டரியிலயும் இல்ல, கால்லயும் இல்ல," என்றார் அக்கா. "கையில."

மௌனி ஓட்டக் கற்றுக்கொண்டதே இந்த ஹைப்ரிட் காரில்தான். நியூட்ரல் வித்தை அவருக்குத் தெரியாது. மீசைக்காரர், ஒருமுறை சரிவில் பிரேக் பிடிக்காமல் ஒரு துணிக்கடைக்குள் போனதிலிருந்து நியூட்ரலைத் தொடுவதில்லை. ஸ்டாண்டிலேயே கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவர்தான் மாட்டியிருந்தார்.

விஷயத்தை அவர் ஒளிக்கவில்லை. முதலாளியம்மாவிடம் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"பாட்டரி தோத்துச்சுன்னு சொல்லாம கை மேல பழியா?" என்றார் மீசைக்காரர்.

"வாராவாரம் பந்தயம் நடத்த முடியாது," என்றார் முதலாளியம்மா. "இந்த ஞாயிறு ஒரு தடவை. அதோட பேச்சு முடிஞ்சுது."

அந்த ஞாயிறும் அதே வழி. முதல் சரிவில் கை தானாகக் கியர் பக்கம் போனது. "அடச்சீ, கிட!" என்று அதட்டி ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். அடுத்த சுற்றில் அதட்டவேண்டி இருக்கவில்லை.

மாலையில் பம்பைச் சுற்றி ஸ்டாண்டே கூடிவிட்டது. மீசைக்காரர் காருக்கு எண்கள் வழக்கம்போல ஓடின. மௌனி காருக்கு அதில் பாதி. அக்காவின் காரில் நாசிலைச் செருகியதும் கொஞ்ச நேரத்தில் 'டக்'. மௌனியின் எண்ணைக்கூட எட்டவில்லை.

"நாசில் கோளாறு!" என்றார் மீசைக்காரர்.

பம்புக்காரப் பெண் இடுப்பில் கை வைத்தாள். "இப்பதானே சார் உங்க வண்டிக்குப் போட்டேன்? அப்ப நல்லா இருந்துச்சில்ல?" நாசிலை எடுத்துத் திரும்பச் செருகினாள். உடனே 'டக்'. கூட்டம் ஓவென்று கத்தியது.

"இருங்க, இருங்க," என்று அக்கா கையை உயர்த்தினார். "கரண்ட் மீட்டரையும் பாருங்க. பெட்ரோலை மட்டும் பார்த்தா அது பாதிக் கணக்கு."

பார்த்தார்கள். மின்சாரத்திலும் பெரிய பாட்டரியைவிட அவருடையது குறைவாகவே எடுத்திருந்தது; மீதி, இருபது வருடம் அலுங்காமல் மிதித்த காலின் கணக்கு. மௌனி அந்த வருடத்தில் முதல்முறையாக வாய் திறந்தார்: "சூப்பர்க்கா."

முதலாளியம்மா கணவர் பக்கம் திரும்பினார். "உங்க ஷெட்டுல ஒரே நேரத்துல எத்தனை வண்டி நிக்கும்?"

"ஒண்ணும்மா... நெருக்கிப் போட்டா ரெண்டு."

"பத்தாது. பெரிய ஷெட்டாப் பாருங்க."

கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா பிடுங்கி அவர் மூக்கில் மாட்டிவிட்டார்.

கூட்டம் கலையும்போது மீசைக்காரர் மெதுவாகக் காருக்குப் பக்கத்தில் வந்தார். டிக்கியைத் தட்டினார். தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா... உண்மையைச் சொல்லு. இது என்ன மைலேஜ் குடுக்குது?"

இத்தனை காலமாக அவரிடம் யாருமே கேட்காத கேள்வி அது. அக்கா கதவில் சாய்ந்து நின்று, அவசரமே இல்லாமல் கேட்டார்:

"எந்த ரோட்டுல, யார் கையில?"