டம்ளருக்குப் பின்னால் இருந்த நாற்காலி

பள்ளிக்கூட அறிவியல் புத்தகங்களுக்குக் குடுவையும் சோதனைக்குழாயும் வரைந்து கொடுப்பது அவள் தொழில். முப்பது வருடமாக அதையே வரைவதால் பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையலறை மேசைதான் வரைகிற மேசையும். அங்கே காலை பத்திலிருந்து பதினொன்றரை வரைதான் வெளிச்சம் ஒழுங்காக விழும். அதனால் ஒரு டம்ளர் தண்ணீரையும் அதில் சாய்ந்து நிற்கும் பென்சிலையும் வரைந்து முடிக்க ஒரு வாரம்கூட ஆகும். தண்ணீரோ தினமும் நூலளவு வற்றும். வற்றினால் பென்சில் ஒடிந்த மாதிரி தெரிகிற இடமும் கீழே இறங்கிவிடும். எழுந்ததும் டம்ளரில் போட்ட கோடு வரை, ஊசி போடுகிற குழலால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவாள். காப்பியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்படி மூன்று நாள் காபந்து செய்த தண்ணீரைத்தான் தம்பி மடக்கென்று குடித்துவிட்டான். அவன் பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஷிப்டுக்கு நடுவில் வருவான். சீருடைச் சட்டையைக் கழற்றி எதிர் நாற்காலியில் மாட்டிவிட்டு, இருந்ததைச் சாப்பிட்டு, பனியனோடு பேப்பர் படிப்பான். அன்றைக்குப் பென்சிலைப் பத்திரமாக எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் குடித்தான். அந்த மட்டில் பொறுப்புதான். அவள் கத்திய கத்தலில் மாடி வீட்டு ஜன்னல் திறந்தது.

"மனுஷன் கை படக்கூடாத வீட்டுக்கு மனுஷன் எதுக்கு வரணும்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவன்தான். ஆறு ஞாயிறு ஆகிவிட்டது.

அவள் புதிதாகத் தண்ணீர் ஊற்றி, முதலிலிருந்து வரைந்து அனுப்பினாள். பதிப்பகத்துப் பெண் போன் செய்து, வெயில், உடம்பு என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பென்சில் சரியா இருக்கு. டம்ளர்தான் காகிதத்துல வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. உங்க பழைய படமெல்லாம் தொட்டா ஈரம் ஒட்டும்."

பழைய புத்தகங்களை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு டம்ளரிலும் தண்ணீருக்குள் இடது ஓரமாக ஒரு கருநீலப் பட்டை. அதை வரைந்த ஞாபகமே இல்லை. கண்ணாடிக்கென்று நிறம் ஏது? பின்னால் என்ன இருக்கிறதோ அதைத்தான் வரைய வேண்டும். இருட்டுப் பகுதிகளை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வைப்பாள். எதிர் நாற்காலியில், வலது பக்கமாக, தம்பியின் கருநீலச் சீருடைச் சட்டை தொங்கும். தண்ணீர் அதை இடம் மாற்றி, ஒடுக்கிக் காட்டியிருக்கிறது.

ஒரு கருநீலப் போர்வையை நாற்காலியில் போட்டுப் பார்த்தாள். பட்டை அச்சாக அப்படியே வந்தது. வரைந்திருக்கலாம். போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"உன் யூனிஃபார்ம் சட்டை வேணும்டா. படத்துக்கு."

"சட்டைய மட்டும் குடுத்தனுப்பட்டுமா, நானும் வரலாமா?"

"உனக்குத் தனியா டம்ளர் வெச்சிருக்கேன்."

ஞாயிறு பத்து மணிக்கு வந்தான், வெள்ளைச் சட்டையில். சீருடை கைப்பையில் இருந்தது. கண் பரிசோதனையில் தேறவில்லையாம். ஒரு மாதமாக டிப்போ அலுவலகத்தில்தான் வேலையாம். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

சட்டையை நாற்காலியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான். தனக்கு வைத்த டம்ளரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை காட்டிக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் குடித்தான். அவள் சிரித்துவிட்டாள். பிறகு பாக்கியிருந்த கருநீலப் பட்டையை வைக்க உட்கார்ந்தாள். பதினொன்றேகாலுக்குப் படம் முடிந்துவிட்டது.

"ஆச்சா?" என்றான். அவன் பக்கமிருந்து தாளின் முதுகுதான் தெரியும்.

"எங்க. இன்னும் ஒரு வாரம் இழுக்கும்."

"அப்ப சட்டை இங்கயே கெடக்கட்டும். எனக்கு இனிமே எதுக்கு?" என்று செருப்பை மாட்டினான்.

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். படம் உறைக்குள் தயாராக இருந்தது. இருந்தாலும் குழலை எடுத்து, வற்றியிருந்த தண்ணீரைக் கோடு வரை நிரப்பினாள்.