துப்ப மனம் வராத மருந்து

மொராவா ஆற்றங்கரையில் பிளம் தோட்டம் வைத்திருக்கும் மிலுதின், பல்வலி வந்தால் சொந்தமாகக் காய்ச்சிய பிளம் சாராயத்தால் வாயைக் கொப்பளிப்பார். துப்ப மட்டும் மனம் வராது. போன கோடையில் விடாத காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்.

"சொத்தைப் பல்லுல இருந்த கிருமி ரத்தத்துல இறங்கி, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களோட ஒட்டிக்கிட்டு, இதய வால்வுல குடியேறிடுச்சு," என்றார் டாக்டரம்மா.

"என் சரக்குல முங்கியுமா சாகலை?" என்றார் மிலுதின்.

"பல்லுக்குன்னு சொல்லித் தொண்டைக்குத்தானே ஊத்துனீங்க," என்றாள் மனைவி ஸ்தாமெங்கா.

வாரக்கணக்கில் மருந்து ஏற்றி, பல்லையும் பிடுங்கியதில் பிழைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் பல் டாக்டர் கூப்பிடும் முன்பே போய் நிற்கிறார். இந்த வருடம் குடும்பத்தைக் காக்கும் புனிதருக்காக வீட்டில் ஆண்டுதோறும் வைக்கும் விருந்தில் முதல் கோப்பையை அந்தப் பல் டாக்டருக்கே கொடுத்தார். இரண்டாவதைத் தான் எடுத்து, வலி ஏதும் இல்லாமலே, நன்றாகக் கொப்பளித்து விழுங்கினார்.