அத்தான் ‘சரி’ சொன்ன நாள்

என் அத்தானுக்குத் தெருவில் ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். தொழில் குழாய் ரிப்பேர். “குழாய் ஒழுகுதுங்க” என்று யாராவது கூப்பிட்டால், போய்ப் பார்த்துவிட்டு, “இல்லீங்க, இது ஒழுகலை. சொட்டுது” என்று திருத்திய பிறகுதான் பையையே திறப்பார். இருபது வருஷத்தில் அக்கா சொன்ன எதற்கும் “சரி” என்றதில்லை. அவரிடம் வேலை பார்க்கும் எனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்?

போன மாதம் ஒரு வீட்டில் சிங்க் அடைப்பு எடுக்கும்போது, துருப்பிடித்த தகடு அத்தானின் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்து விரலில் நாலு சுற்றுச் சுற்றினார்.

“டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள் அக்கா.

“வேண்டாம். டேப் சுத்தியாச்சு, இனி கசியாது.”

மூன்றாம் நாள் காலை அவரைக் கூப்பிடப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “இன்னைக்கு லீவு வேணும் அத்தான்” என்று பயந்து பயந்து கேட்டேன்.

“சரி.”

“புது ஸ்பேனர் செட்டும் வாங்கணும்.”

“சரி.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்கு ஓடி அக்காவிடம் சொன்னேன். கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

“ஏங்க, எங்கம்மா வந்து ஆறு மாசம் தங்கட்டுமா?”

“தங்கட்டும்.”

அக்கா முகம் வெளுத்துவிட்டது. “இன்னைக்கு என்ன கிழமைங்க?”

“ஸ்பேனர்” என்றார்.

அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே மாடிப்படி ஏறியவர் மாதிரி மூச்சு வாங்கியது. உடம்பு நடுங்கியது. டேப்புக்கு மேலே மணிக்கட்டு வரை வீங்கிச் சிவந்திருந்தது.

“நேத்து சாயங்காலத்துலேருந்து பாத்ரூம் பக்கமே போகலைடா. மடையா, இவர் திருந்தலை, உடம்பு கெட்டுக்கிடக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு!” என்று கத்தினாள் அக்கா.

அவசரப் பிரிவில் நர்ஸ், “என்ன பண்ணுது?” என்றாள்.

“எல்லாத்துக்கும் சரின்னு சொல்றார்மா” என்றாள் அக்கா.

“எங்க வீட்டுக்காரருக்கு அந்த வியாதி வராதா!” என்று சிரித்த நர்ஸ், நாடியைப் பிடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

“இது செப்சிஸ்” என்றார் டாக்டர். “காயத்துல வந்த தொற்றோட போராடப் போய், உடம்பு தன்னையே கெடுத்துக்க ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா கஷ்டம். இப்பவும் ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்.”

லீவு கேட்ட என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு நாளும் அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசினாள். புதன்கிழமையில் “இன்னைக்கு ஞாயித்துக்கிழமை” என்றாள். “நீங்க குறட்டையே விடறதில்லை” என்றாள். அத்தான் ஒன்றையும் திருத்தவில்லை.

மூன்றாம் நாள், தொங்கிய மருந்து பாட்டிலைப் பார்த்து, “நல்லா ஒழுகுது” என்றாள்.

அத்தான் ஒரு கண்ணைத் திறந்தார். “இல்ல... ஒழுகலை. சொட்டுது.”

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். “ஆமாங்க, சொட்டுது. நீங்க சொன்னா சரிதாங்க. எங்கம்மாவும் நாளைக்கு வந்துடறாங்க, நீங்கதான் தங்கட்டும்னீங்க.”

“இல்ல” என்றார் அத்தான், இரண்டாவது கண்ணையும் திறந்து. “நான் சொல்லவே இல்ல.”