சேன் ஊரின் ஒரே தமிழ் வரலாற்றாசிரியர்

கியூபெக்கில் இருக்கும் ஒரு பிரெஞ்சுக்காரக் கிராமத்துக்கு நான் தமிழில் ஊர் மலர் எழுதி வெளியிட்டிருக்கிறேன். அந்தக் கிராமத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கோ அந்தக் கிராமம் தேவையில்லை. ஐம்பதை நெருங்குகிற, நாலு புத்தகம் படித்த ஒரு மனிதர் இப்படி ஒரு காரியம் செய்யக் காரணம் ஆராய்ச்சி ஆர்வம் என்று முன்னுரையில் போட்டிருக்கிறேன். உண்மையான காரணம் ரோசம்.

ரொறன்ரோவில் கோடை பிறந்ததும் பூங்காக்களில் ஊர்ச்சங்கங்கள் முளைத்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஒரே ஒழுங்கையின் இரண்டு முனைகளாக இருந்தவை இங்கே இரண்டு சங்கங்கள். ஒவ்வொரு சங்கமும் ஒரு மலர் போடும். அதில் ஊரின் புவியியல், வரலாறு, குடித்தொகை பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். எங்கள் ஊருக்கு அதை எழுதப் பிறந்தவன் நான்தான் என்ற நினைப்போடு, அஜின்கோர்ட்டில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் நடந்த கூட்டத்துக்குப் போனேன். தலைவர் என்னைக் கண்டதும், "அண்ணை, வரலாறு பேராசிரியர் எழுதுறார். புவியியலை மாஸ்டரிட்டைக் குடுத்தாச்சு. நீங்கள் நல்லாக் கதைக்கிற ஆள், கடையளுக்குப் போய் விளம்பரம் சேருங்கோவன்" என்றார்.

"தேவையில்லை. எனக்கு வேறை ஊர் இருக்கு" என்று சொல்லி எழுந்துவிட்டேன். படியிறங்கும்போதுதான் அது எந்த ஊர் என்று யோசித்தேன்.

ஒன்று இருக்கத்தான் செய்தது. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில், ஒரு தேவாலயத்தார் எங்களையும் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்களையும் பொறுப்பெடுத்துத் தங்கள் கிராமத்தில் குடிவைத்தார்கள். ஒரு புனிதரின் பெயரும் ஓர் ஆற்றின் பெயரும் சேர்ந்த நீண்ட பெயர் அந்த ஊருக்கு. நாக்கைக் காப்பாற்றிக்கொள்ள, புனிதர் என்று பொருள்படும் முதல் சொல்லை மட்டும் வைத்து 'சேன்' என்று சுருக்கினோம். சுற்றியுள்ள எல்லா ஊர்களும் அதே சொல்லில்தான் தொடங்கின என்பது பிறகுதான் தெரிந்தது. வடக்கே ஆறு, தெற்கே நெடுஞ்சாலை, கிழக்கே மாட்டுப்பண்ணைகள், மேற்கே இன்னும் மாட்டுப்பண்ணைகள். நாங்கள் இருந்தது ஒரு பனிக்காலம் மட்டும். ஆகவே எது ஆறு, எது வயல் என்று அறிய ஒரே வழி, காலை வைத்துப் பார்ப்பதுதான். வரலாறும் சிக்கலில்லாதது: முதலில் காடு, பிறகு பாதிரியார், பிறகு பால். பனி உருகி ஊர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய வாரத்தில் மூன்று குடும்பங்களும் ரொறன்ரோவுக்கு பஸ் ஏறிவிட்டோம்.

மலர் என்றால் ஆசிச்செய்தி வேண்டும். அதை வாங்கவும் குடித்தொகையைச் சரிபார்க்கவும் ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு சேனுக்குப் போனேன். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு இருந்ததால் அவர்கள் வரவில்லை. சேனின் மேயர் ரப்பர் சப்பாத்தோடு மாட்டுக்கொட்டிலிலிருந்து வெளியே வந்தார். அந்தப் பனிக்காலத்தில் எங்கள் வீட்டுக்குச் சூப் கொண்டுவந்து தந்த அதே அம்மாள். என் மனைவியைக் கட்டிப்பிடித்துப் பிள்ளைகளை விசாரித்தார். நான் நூலகத்து ஒலிநாடாவில் படித்த பிரெஞ்சில், "உங்கள் ஊரில் இப்போது எத்தனை பேர்?" என்று கேட்டேன். எனக்கு அது ஆராய்ச்சியாளன் கேட்கிற கேள்வி. அவருக்கு அது குடிவர நினைக்கிறவன் கேட்கிற கேள்வி. அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

எங்களை நேரே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் பிள்ளைகள் ஒரு பனிக்காலம் படித்த இடம். பாதி மேசைகளில் கதிரைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இளம் ஆட்கள் மொன்றியலுக்குப் போய்விடுகிறார்கள், செப்டெம்பரில் பிள்ளைகள் போதாவிட்டால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், பிறகு மிச்சக் குடும்பங்களும் போய்விடும் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். நான் மும்முரமாகக் குறித்துக்கொண்டேன். சனம் இடம்பெயர்ந்த பிறகு என் ஊர்ப் பள்ளிக்கூடமும் இப்படித்தான் கிடக்கிறது என்று கேள்வி. அங்கே ஆட்களைக் கிளப்ப ஷெல் குண்டு தேவைப்பட்டது. இங்கே மொன்றியலில் ஒரு வேலை போதும். இரண்டு ஊர்களின் குடித்தொகையையும் குறைத்ததில் என் குடும்பத்துக்கும் பங்கு உண்டு என்பதை ஆராய்ச்சியாளன் அடிக்குறிப்பில்கூடப் போடவில்லை.

மனைவி என் முழங்கையில் இடித்தாள். "இஞ்சேருங்கோ, அந்த மனிசி உங்களுக்குக் கணக்குச் சொல்லேல்லை. நாங்கள் திரும்பி வாறம் எண்டு நினைக்குது."

"விசர்க்கதை கதையாதையும். இந்தப் பக்கத்தை எழுதி முடிக்க விடும்."

அம்மாள் அடுத்ததாகக் கூட்டிப்போனது நாங்கள் முன்பு இருந்த வீட்டுக்கு. புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்துப் பூட்டருகே கொண்டுபோனபோதுதான் நான் குறிப்புக் கொப்பியை மூடினேன்.

"இல்லை, மடாம். நான் வரலாறு எழுதத்தான் வந்தேன்."

அவர் திறப்பைப் பார்த்தார். "வரலாறு எங்களிடம் நிறைய இருக்கிறது. பிள்ளைகள்தான் இல்லை" என்றார். திறப்பைத் திரும்பப் பையில் போட்டபடி, "ஏன் போனீர்கள்? குளிரா?" என்று கேட்டார்.

ரொறன்ரோவிலும் அதே குளிர்தான். என் கட்டுரையைச் சேர்க்க மறுக்கிற மனிதர்களுக்குப் பக்கத்தில் வாழ்வதற்காகத்தான் போனோம் என்று சொல்ல என் பிரெஞ்சு போதவில்லை. குளிர்தான் என்று தலையாட்டினேன். அப்படியிருந்தும் அவர் தன் பிக்கப் வண்டியின் முன்பக்கத்தில் தாளை வைத்து ஆசிச்செய்தி எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து அகராதியை வைத்து மொழிபெயர்த்தேன். 'வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.' வேறு ஒரு வாழ்த்தும் இல்லை. அதைத்தான் முதல் பக்கத்தில் போட்டேன்.

மலர் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் வெளியானது. மற்ற இரண்டு சேன் குடும்பங்களும் வந்து வடை சாப்பிட்டார்கள். சில பிரதிகளைச் சேன் ஊர் நூலகத்துக்கென்று தபாலில் அனுப்பிவிட்டு, இலையுதிர்காலத்தில் அம்மாளுக்கு ரெலிபோன் எடுத்தேன். மலர் கிடைத்ததாம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்களாம். ஊர் நூலகமும் அதற்குள்தான் இருந்ததாம். அதனால் எல்லாப் பிரதிகளும் அவர் வீட்டில் இருக்கின்றனவாம்.

ரிசீவரை வைத்துவிட்டு விஷயத்தை மனைவிக்குச் சொன்னேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். "எண்டாலும் அந்த ஊருக்கு நான் ஒரு வரலாறு குடுத்திட்டன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த மனிசி கேட்டது நாலு பிள்ளையள். நீங்கள் குடுத்தது நாப்பது பக்கம். அதுவும் தமிழிலை."