ஐஸ் பெட்டியில வெச்ச ஸ்பாஞ்சு

கடல்பாசிய காய்ச்சி ஐஸாக்கினா, ஐஸ் உருகுன எடத்துல எல்லாம் ஓட்டை உழும். கட்டடத்துக்கு சாரம் கட்றா மாதிரி, அந்த ஓட்டைக்குள்ள உடம்பு செல்லு ஏறி புதுத் தோல் வளரணும். வீடியோ பாத்து கத்துக்கினது.

ஓட்டை எல்லாம் உள்ளுக்குள்ள ஒன்னோட ஒன்னு சேருதான்னு தெரியாமதான் பல நாளா மண்டை காயுது. சேரலன்னா செல்லு வாசல்லயே நின்னுடும்.

எங்க ஊட்டு ஃப்ரிட்ஜ்ல எடமில்ல. சேக்காடு ஏரியா ஐஸ் கடை அண்ணாத்தே பெட்டியில இந்த ஸ்பாஞ்ச ஒரு டப்பாவுல வெச்சிருந்தேன்.

இன்னைக்கு போனா டப்பா காலி.

"வித்துட்டேன் நைனா. ஜெல்லி ஐஸ்தானே அது?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, வாங்கின அக்காவே சண்டைக்கு வந்துட்டாங்க.

"இன்னா ஐஸ்யா இது? இனிப்பே இல்ல. கடிச்சா தண்ணி ஊத்துது. ரோஸ்மில்க்ல போட்டா மொத்தத்தையும் அதுவே குடிச்சிடுச்சு!"

நான் கேட்டேன், "அக்கா, ஒரு பக்கம் உறிஞ்சினா அந்தப் பக்கத்து ரோஸ்மில்க் வந்துச்சா?"

"ஸ்ட்ரா போட்டா மாதிரி வந்துச்சு!"

அப்போ ஓட்டை எல்லாம் சேந்துதான் இருக்கு! கையெடுத்துக் கும்பிட்டேன். அக்காவுக்கு கோவம் இன்னும் ஏறிடுச்சு.

"அக்கா, மிச்சம் எதுனா இருக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு முழுங்கிட்டாரு."

வெறும் கடல்பாசியும் தண்ணியும்தான், அவருக்கு ஒன்னும் ஆவாது. ஆனா என் சாம்பிள் மொத தடவையா மனுஷன் உடம்புக்குள்ள போயிருக்கு.

இத ஹியூமன் டிரையல்னு போட்டுக்கலாமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.